மணவறைக்கு இடம் தராத மேடு

போன ஞாயிறு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டீட்டிகோன் நகரில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணம் சீதனமில்லை, சாதகமில்லை — ஒரு புல் மேடு!

பக்கத்து வீட்டு யோகண்ணையின் மகள் அனுஷா, தன்னோடு வேலை செய்யும் ஐரிஷ் பையன் கீரனைக் கட்டப்போகிறாள். நாள் குறிக்க அவனுடைய அப்பா டெக்லன் அயர்லாந்திலிருந்து வந்திருந்தார். விவசாயி. அக்கம்பக்கத்து உரிமையில் நானும் போயிருந்தேன்.

கல்யாணத்தைத் தன் பண்ணையிலேயே வைக்கலாம் என்று டெக்லன் போனில் படம் காட்டினார். வயல் நடுவே வட்டமாக ஒரு மேடு. சுற்றிவர வெள்ளைப் பூப்பூத்த முள்மரங்கள்.

யோகண்ணை துள்ளி எழுந்தார்.

"இஞ்ச பாருங்கோ, கடவுள் கட்டி வைச்ச மேடை! மணவறையை இதிலதான் வைக்கிறம்."

அனுஷா ஆங்கிலத்தில் சொன்னாள். டெக்லனின் முகம் சிவந்தது.

"அது சரிவராது."

ஏனாம்? மழை பெய்தால் சேறு என்றார். பிறகு மாடுகள் என்றார். மாட்டை வேறு வயலில் கட்ட முடியாதா? டெக்லன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

யோகண்ணை தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார். "விளங்குது. எங்கட மணவறை அவையின்ர மண்ணில நிக்கக்கூடாதாம். உதை அப்பிடியே சொல்லு பிள்ளை!"

அனுஷா சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது.

கீரன்தான் பொறுக்க முடியாமல், "அப்பா, உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்றான்.

டெக்லன் தரையைப் பார்த்தபடி சொன்னார். அந்த மேடு கண்ணுக்குத் தெரியாத சிறு தேவதைகளின் கோட்டையாம். ஊரில் யாரும் அவர்களின் பெயர்கூடச் சொல்லமாட்டார்களாம், 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்களாம். டெக்லனின் பெரியப்பா அங்கே ஒரு முள்மரத்தை வெட்டினார். அந்த வாரமே அவர் கை விளங்காமல் போனது.

"நான் இதையெல்லாம் நம்புவதில்லை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனால் டிராக்டரை அந்தப் பக்கம் விடமாட்டேன்."

யோகண்ணை வெடித்துச் சிரிப்பார் என்று பயந்தேன். அவரோ நாற்காலியை இழுத்து டெக்லன் பக்கத்தில் போட்டார்.

"நானும் உதுகளை நம்புறேல்லை. ஆனா புதுக் கார் எடுத்தா, தேசிக்காய் டயரில நசிக்காமல் கராஜை விட்டு வெளிக்கிடுறேல்லை."

அனுஷா எலுமிச்சைச் சங்கதியை மொழிபெயர்க்க, டெக்லன் நிமிர்ந்தார். "எந்தச் சக்கரத்துக்கு?"

"நாலுக்கும்!"

அவ்வளவுதான். மணவறை கீழ் வயலுக்கு இறங்கிவிட்டது. ஒரே கடவுளைக் கும்பிடுகிறவர்கள்கூடச் சண்டை பிடிக்கிறார்கள். ஒரே மாதிரிப் பயப்படுகிறவர்கள்... உடனே சொந்தமாகிவிடுகிறார்கள்!

புறப்படும்போது யோகண்ணை மெதுவாகக் கேட்டார். "மேட்டில இருக்கிற அவைக்கும் ஒரு படையல் வைக்கோணும் எல்லோ? என்ன விரும்புவினமாம்?"

"பால். கொஞ்சம் வெண்ணெய்" என்றார் டெக்லன்.

யோகண்ணைக்குப் பரம திருப்தி. "அட, சைவ ஆக்கள்! பிறகென்ன?"