முதல் மரைக்கால்

எனக்கு இரண்டு தெரிந்த பிறகுதான் ஒன்று தெரிய வந்தது. முதலாம் ஆண்டில் சேரும்போதே இருபது வரை தடக்கில்லாமல் எண்ணுவேன். ஆனால் என் எண்கள் லாபத்தில் தொடங்கும். லாபம், ரெண்டு, மூண்டு, நாலு.

எல்லாம் அப்பா பழக்கியது. அவருக்குத் துறைமுகத்தில் வேலை என்றாலும், அம்மாவின் ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அறுவடை முடிந்து பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு நெல் வந்தால், சாக்கைப் பிரித்து மரைக்காலால் அளந்து பீப்பாய்க்குள் கொட்டுவார். நெல் அளக்கிறவர்கள் முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு மரைக்காலுக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பது என் உத்தியோகம். அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்வேன். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது கடற்கரையடியில் மாடுகள்போலப் பயமில்லாமல் மேய்கிற மான்களையும் இருவரும் அப்படியேதான் எண்ணுவோம்.

ஒருநாள் ரீச்சர் பாயில் ஒரு சிப்பியை வைத்து, "இது எத்தினை, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். "லாபம்" என்றேன். வகுப்பே சிரித்தது. நெல்லளப்பைக் கண்டறியாத பட்டணத்துப் பிள்ளைகள். ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனுசி, பொல்லாத சிரிப்பில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவைக் கூப்பிட்டார்.

"வீட்டில ஒண்டெண்டே சொல்லிக் குடுங்கோ ஐயா. பிள்ளை குழம்பிப் போகுது."

"ஓம் ரீச்சர்," என்றார் அப்பா. அவர் யார் முன்னாலும் கைகட்டி நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் மான்கள் நின்றன. அப்பா எண்ணவில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாவம், அப்பாவுக்கு ஒன்று தெரியாது. அதனால்தான் ரீச்சரிடம் பேச்சு வாங்கினார். அன்று பின்னேரம் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று ஒரு விரலை நீட்டினேன்.

"அப்பா, இது ஒண்டு. சொல்லுங்கோ பாப்பம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் விரலைப் பார்த்தார். "ஒண்டு."

"மறக்கக்கூடாது."

"மறக்கமாட்டன், அம்மா."

இப்போது என் மகள் விரல் நீட்டி எண்ணப் பழகுகிறாள். பார்க்கும்போது அப்பாவின் 'லாபம்' என்ற சொல்தான் ஞாபகம் வருகிறது. வந்த நெல் பெருக வேண்டும், அடுத்த அறுவடை வரை பானை காயக்கூடாது என்று அப்பா ஆண்டவனிடம் கேட்டது அந்த ஒரு சொல்லில்தான். கோயிலில்கூட அவர் வாய்விட்டு எதுவும் கேட்டவரல்ல. இதையெல்லாம் நான் விளங்கிக்கொண்டபோது அவர் இல்லை.

நான் ஒன்று சொல்லிக் கொடுத்த பிறகு அடுத்த போகத்து நெல் வந்தது. அப்பா மரைக்காலை நிரப்பித் தலைதட்டினார். பீப்பாய்க்கு மேலே தூக்கிய கை அப்படியே நின்றது. வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. குசினி வாசலில் அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன்.

"ஒண்டு," என்று சொல்லி நெல்லைக் கொட்டினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டினேன். அம்மா ஏன் கைதட்டாமல் உள்ளே போனார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.