சட்டை கழற்றாத அப்பா

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டில் அப்பா சட்டையோடு குளிக்கத் தொடங்கினார். ஊர்காவற்றுறைப் பக்கம் ஆண்கள் கிணற்றடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடுதான் குளிப்பார்கள். அப்பாவும் அதுவரை அப்படிக் குளித்தவர்தான். ஒரு நாள் பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சேட்டோட முழுகிறியள்? ஞானஸ்நானமோ?"

அப்பா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அந்தப் பகிடி இரண்டு கிழமைக்குள் செய்தியாகிவிட்டது.

முந்திய மாரிகாலத்தில் அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகியிருந்தது. கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய் நான்கு வகை மருந்துக் குளிசைகள் எடுக்கத் தொடங்கியபின் வீக்கம் வடிந்தது. மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தார். அந்தக் குளிசைகளை நாங்கள் கும்பிடாத குறை.

சில மாதங்களில் அவருடைய மார்பு இரண்டு பக்கமும் பெண்களுக்குப் போல எழும்பியது. எனக்கு அது தற்செயலாகத் தெரிந்தது. அறைக்கதவு சாத்தப்படாமல் இருந்தது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு விரல்களால் மார்பை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்ட இடம் நொந்திருக்கவேண்டும், பல்லைக் கடித்தார். கண்ணாடியில் என்னைக் கண்டதும் துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அம்மாவுக்குச் சொல்லாத, பிள்ளை."

நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அதற்கு என்னிடம் சொல் இருக்கவில்லை. அவரிடமும் இருந்திருக்காது. மூச்சு முட்டுகிறது என்று காரணம் சொல்லி விறாந்தையில் தனியாகப் படுத்தார்.

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகமுடியாது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா வெளிவீதியில் நின்று கும்பிட்டார். பிறகு அதுவும் நின்றது. அந்த வருடம் சந்தியில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், தகரக் கூரை போட்டு ஜெபக்கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். அப்பாவின் சட்டையையும் ஜெபக்கூடத்தையும் ஊர் சேர்த்துப் பார்த்தது. ஜெபக்கூடத்தில் அப்பாவைக் கண்டவர் ஒருவருமில்லை. கண்டிருக்கவேண்டிய தேவையும் யாருக்கும் இருக்கவில்லை.

அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, ஒரு பின்னேரம் வந்து முற்றத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அம்மன் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். கையில் தர்ப்பை போட்டுக்கொண்டு, வெறும் மேலோடு, ஊர் பார்க்கச் சாமிக்கு முன்னால் நிற்பது அந்த வருடம் அப்பாவின் முறை.

"ஊர் சொல்லுறது மெய்யோடா?"

"என்னவாம்?"

"நீ வேதத்துக்கு மாறிட்டியாம்."

அப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறந்து இல்லையெண்டு சொல்லன். நான் போய் அவங்கட வாயை அடைக்கிறன்."

"நினைக்கிறவை நினைக்கட்டும், அண்ணை."

"அப்ப ஏழாம் திருவிழா?"

"பாப்பம்."

இல்லை என்று சொல்லியிருந்தால், அப்படியென்றால் சட்டையைக் கழற்றிப்போட்டு உள்ளே வா என்பதுதான் அடுத்த பேச்சாக இருந்திருக்கும். ஆகவே மதம் மாறியவராக இருப்பதற்கு அவர் சம்மதித்தார்.

அம்மா அன்றிரவே பைபிளைத் தேடி அலுமாரியைக் கிண்டினார். பைபிள் இருக்கவில்லை. துவாய்களுக்கு அடியில் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. இரண்டு மாதக் குளிசை. அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

"மருந்து வேண்டாம், ஜெபத்தில சுகமாகுமெண்டு சொல்லிப்போட்டாங்கள்," என்று அழுதார். அப்பாவின் கால்கள் ஏன் திரும்பவும் வீங்குகின்றன என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அப்பா மறுக்கவில்லை. திருவிழாவுக்கு முன்னர் மார்பு வற்றிவிடும் என்பது அவருடைய கணக்கு. எந்தக் குளிசையால் வந்தது என்று தெரியாததால் நான்கையும் நிறுத்தியிருந்தார்.

அடுத்த கிளினிக் நாளில் தம்பிக்குக் கொப்பளிப்பான் போட்டு உடம்பெல்லாம் கொப்புளமாக இருந்தது. அம்மாவால் வீட்டைவிட்டு அசைய முடியவில்லை. என்னிடம் ஒரு கொப்பியும் பேனையும் தந்தார்.

"நீ உள்ளுக்குப் போகவேணும். டொக்டர் என்ன கேக்கிறார், அப்பா என்ன சொல்லுறார், எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வா. ஒளிக்க விடாத."

பேருந்து கடலுக்கு நடுவே போட்ட தெருவில் ஏறியதிலிருந்து அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் செய்கிறார் என்று நினைத்து அதையும் எழுதிக்கொண்டேன். ஒருவர் தான் சொல்லவேண்டிய வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகவும் கூடும் என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை.

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, நீ இந்த வாங்கில இரன். நான் கதைச்சுப்போட்டு வாறன்."

"அம்மா உள்ளுக்குப் போகச் சொன்னவ."

"கன்டீன்ல சுடச்சுட ரோல்ஸ் இருக்கும். காசு தாறன், போய் வாங்கு."

"பிறகு வாங்குவம்."

டொக்டர் இளம் பெண். அப்பாவின் காலை விரலால் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ, ஐயா?"

"அப்பா போடுறேல்லை," என்றேன் நான்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன் ஐயா? குளிசையால ஏதும் கரைச்சலோ?"

அப்பாவின் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. அதை அரைவாசி கழற்றினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய பதிலை எழுத ஆயத்தமாக இருந்தேன்.

"ஒண்டுமில்லை. மறந்துபோறன்," என்று பொத்தானைப் பூட்டினார்.

"மறக்கிற மருந்தில்லை ஐயா இது. உயிர் போற அலுவல்." என் பக்கம் திரும்பி, "இனி நீங்கள்தான் பொறுப்பு. நல்ல கெட்டிக்காரி," என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என் முன்னாலேயே குளிசைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவற்றைக் கிணற்றடி வாழைக்குள் துப்பியிருக்கிறார். ஈரத்தில் கரைந்த வெள்ளைத் துணுக்குகளை நான் கண்டபோது அவர் உயிரோடு இல்லை.

கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை அவர் செத்துப்போனார். சாவுத் துடக்கென்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கோயிலுக்குப் போகவில்லை. ஏழாம் திருவிழாவை வேறு ஆட்கள் செய்தார்கள்.

பிரேதத்தைக் குளிப்பாட்டக் கொல்லைப்புறத்தில் சீலை கட்டி மறைத்தார்கள். ஆண்கள் நாலைந்து பேர் தண்ணீரோடு நின்றார்கள். பெரியப்பாதான் முதலில் உள்ளே போய் அப்பாவின் சட்டையைக் கழற்றினார். சற்று நேரத்தில் வெளியே வந்து, "ஒருத்தரும் உள்ளுக்கு வராதேங்கோ. என்ர தம்பியை நான் குளிப்பாட்டுறன்," என்றார். தனியாகவே குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டினார். பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டுவந்து கிடத்தினார். அன்றைக்குப் பிறகு வேதக் கதையைப் பெரியப்பா எடுத்ததேயில்லை. வேறு எதையும் அவர் சொல்லவுமில்லை.

வளர்ந்தபின் எனக்குத் தெரிந்த ஒரு டொக்டரிடம் கேட்டேன். நான்கில் ஒரு குளிசை சில ஆண்களுக்கு ஹோர்மோன் சமநிலையைக் குழப்பி மார்பை வளர்க்குமாம். அதே வேலையைச் செய்கிற, அந்தக் கரைச்சல் குறைந்த இன்னொரு குளிசையும் இருக்கிறதாம்.

"சொல்லியிருந்தா உடனேயே மாத்தியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?" என்று அவர் கேட்டார்.

அம்மா இன்றும் சந்தி வந்தால் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடக்கிறார். ஜெபக்கூடத்துக்காரர் எங்கள் படலையைத் திறந்ததுகூட இல்லை. அவர்கள்தான் அப்பாவைத் தின்றார்கள் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமில்லை. நான் திருத்தவில்லை. திருத்தினால், டொக்டரின் அறைக்குள் என்னை அனுப்பியவர் யார் என்பதையும் சொல்லவேண்டிவரும்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லத் துணிந்து போன அப்பா, தன் மகள் பார்த்துக்கொண்டிருக்க அதைச் சொல்லமாட்டார் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.