காற்றாலையில் ஊறின அரிசி

மா விழும் மரக்குழாயின் அடியில் உள்ளங்கையை நீட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. கோதுமை மா இளஞ்சூடாக விழுந்தது. இதில் பிட்டுக்கு அரிசி அரைத்தால் என்ன?

தெற்கு லண்டனில் மாடிவீடுகளுக்கு நடுவே நிற்கிறது அந்தப் பழைய காற்றாலை. கட்டிய காலத்தில் சுற்றிலும் வயல். பிறகு வீடுகள் எழுந்து காற்றை மறித்தன. கொஞ்சக் காலம் இயந்திரத்தால் கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பூட்டிவிட்டார்கள். அக்கம்பக்கத்தவர்கள் கூடி அதை மீட்டார்கள். புது இறக்கைகள் பூட்டி, கற்களைக் கொத்திச் சீராக்கினார்கள். பலத்த காற்றடித்தால் இறக்கைகள் சுற்றும், இல்லையென்றால் மோட்டார். பொறியியல் படித்துவிட்டு நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்க்கும் எனக்கு, சனிக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயிலேறி அங்கே தொண்டு வேலைக்குப் போய், ஆலையின் பல்சக்கரத்துக்குக் கொழுப்புப் பூசுவது பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

“உனக்கு விசரே? அது வெள்ளைக்காரன் பாணுக்குக் கோதுமை அரைக்கிற கல்லெல்லோ.”

“கல்லுக்கு வெள்ளைக்காரன், தமிழன் தெரியுமோ அம்மா?”

“சரி, சரி. அரிசியை நான் ஊறப்போட்டுத் தாறன். நீ போட்டால் பழுதாக்கிப் போடுவாய்.”

ஆலைக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவரிடம் கேட்டேன். “மக்களுக்குத் திறந்துவிடும் நாள் அடுத்த வாரம். இறக்கைகள் பூட்டியபின் இதுதான் முதல் தடவை, கல்லுக்கு ஒன்றும் ஆகக்கூடாது,” என்றார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. “கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்.”

அரிசி காய்ந்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ஆலைக்காரருக்குத் தானியம் என்றாலே காய்ந்ததுதான். நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அரைக்கப்போகும் அரிசி என்றால் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் பிடித்தபடியே எடுத்துப்போவதுதான். மாவைப் பிறகுதான் வறுப்பார்கள்.

அரிசி கொண்டுபோன அன்றைக்கு நல்ல காற்று. அரிசியைக் கொட்டினேன். கொஞ்ச நேரம் மா வந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. கல் மட்டும் சுற்றியது. அவர் ஓடிப்போய்ப் பிரேக்கை இழுத்தார். மேற்கல்லைத் தூக்கிப் பார்த்தால், புதிதாகக் கொத்திய பள்ளங்கள் எல்லாம் பசை அப்பி அடைந்து கிடந்தன.

“இது மா இல்லை, இதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம்,” என்றார். சிரிக்கவில்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“ஊரிலை மில்லுக்கு ஊறின அரிசிதானே கொண்டு போறது!”

“அது இரும்பு மில் அம்மா. இது கல்லு. திறப்பு விழாவே நிண்டுபோகும் போல கிடக்கு.”

கம்பித் தூரிகை போட ஏலாது. கம்பி உடைந்து மாவில் கலக்கும். தண்ணீர் விட்டால் இன்னும் ஒட்டும். காயவிட்டுத்தான் சுரண்ட வேண்டும் என்றார் பொறுப்பாளர். மறுநாள் அம்மா தானே வந்து இறங்கினார், கையில் எங்கள் ஹை ஸ்ட்ரீட் நோர்த் தெருக் கடையில் வாங்கிய புது ஈர்க்கு விளக்குமாற்றுடன்.

“என்ரை அரிசி செய்த வேலை. தள்ளு.”

காய்ந்த பசையை நாங்கள் மரச்சீவலால் கிளப்ப, அம்மா கல்லருகே குந்தியிருந்து பள்ளம் பள்ளமாக ஈர்க்கால் கூட்டினார். பொறுப்பாளரும் பாதி ஈர்க்கைப் பிரித்து வாங்கிக்கொண்டார். அம்மாவின் இங்கிலீஷும் அவருடைய தமிழும் ஒரே அளவு. ஆனாலும் இருவரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று விளங்கியது. பின்னேரம் ஒரு கைப்பிடி கோதுமை போட்டுப் பார்த்தோம். முதலில் சாம்பல் நிறத்தில் வந்தது, பிறகு வெள்ளையாக.

திறந்த நாளன்று சனம் நிறைந்தது, காற்றுத்தான் இல்லை. மோட்டாரில் அரைத்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

அரிசி இனி இந்தக் கல்லுக்குள் வருவதென்றால், முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் கைத்திரிகையில் அரைத்துக் காட்ட வேண்டும் என்பது பொறுப்பாளரின் நிபந்தனை. ஊறவைக்காத அரிசியை அரைத்து, அந்த மாவை வறுக்காமல் ஆவியில் அவிப்பது என் திட்டம்.

“காய்ஞ்ச அரிசி மாவிலை பிட்டு மண் மாதிரிக் கிடக்கும்,” என்கிறார் அம்மா.

“கிடந்தால் நான் தின்னுறன்.”

“ஓம், நீதான் தின்னவேணும். சனிக்கிழமை நானும் வாறன், திரிகையை நான் சுத்துறன்.”