நான்கு விரல் ககரம்

வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ரயில்வே ஸ்டெனோவாக இருந்த தமிழனுக்குப் பௌத்தக் கருத்தரங்கில் என்ன வேலை என்று கேட்டால், முதல் காரணம் மழை. தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை மதியம், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் ஒதுங்கினேன். உள்ளே பாலி மொழிச் சொல் ஒன்றின் கடைசி எழுத்து குறிலா நெடிலா என்று இரண்டு பேராசிரியர்கள் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். முடிந்ததும் ஒரே தட்டிலிருந்து சிங்காடா, அதாவது வங்காளத்துச் சமோசா, எடுத்துச் சாப்பிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபைல் இடம் மாறினாலே ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அந்த மனிதர்கள்மேல் எனக்கு அன்றைக்கே மதிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அங்கே உரை என்று தெரிந்தால் போதும், கிடர்பூரில் டிராம் ஏறிவிடுவேன். "புத்தரப் பாக்கவா போறீங்க? சிங்காடாவுக்குத்தானே?" என்பாள் மனைவி. பாதி உண்மைதான்.

எல்லோரும் 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்ட பேராசிரியை ஒருவர் அங்கே இருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை 'தாதா' என்பார். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று பொருள். சென்னையில் சொல்லிப் பார்த்தால் போலீஸ் வரும். ஜப்பானிலிருந்து வந்த அறிஞர் கேட்டாலும், கடைசி வரிசையிலிருந்து நான் கேட்டாலும், ஒரே அளவு யோசித்துத்தான் பதில் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். அப்படிச் சொல்கிற ஓர் அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறையின் கருத்தரங்கோ நான்காவது வாரத்தில். ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கட்டுரை வாசிக்கக் கடைசி வாய்ப்பு அது. எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது: 'நீங்கள் படியுங்கள் தாதா. என் சகாக்கள் படித்தால் நடுவிலேயே என்னைத் திருத்துவார்கள். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் படிப்பீர்கள்.'

இருபத்தைந்து வருடம் டிக்டேஷன் எடுத்தவனுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்? கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் நடுநடுவே வந்த பாலிச் சொற்கள் எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளி வைத்துப் பயமுறுத்தின. ஸ்டெனோ புத்தி! ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் தமிழில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அங்கேதான் வினை. உடல், உணர்வு, குறிப்பு, எண்ணம், அறிவு ஆகிய ஐந்து திரட்சிகளைத்தான் நாம் 'நான்' என்கிறோம், வேறு நான் இல்லை என்பது கட்டுரை. திரட்சிக்குப் பாலியில் 'கந்த'. மூச்சை நன்றாகத் தள்ளிச் சொல்ல வேண்டும். 'தங்கம்' என்பதில் வருகிற ககரம்போல மென்மையாகச் சொன்னால் வாசனை என்று ஆகிவிடும், நம் சுகந்தத்தில் உள்ள கந்தம். இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். கந்தன் என்று முருகனை நினைத்து வல்லினமாகச் சொல்லியிருந்தாலாவது ஓரளவு தப்பித்திருப்பேன். மூக்கு முந்திக்கொண்டது. மனிதன் என்பவன் ஐந்து வாசனைகளின் தொகுப்பு என்று மைக்கில் முழங்கினேன்.

அரங்கம் சிரித்தது. கேன்டீனில் மீன் பொரிகிற நேரம் வேறு. "மீதி நாலு எங்கே? ஒன்றுதான் வருகிறது!" என்று யாரோ வங்காள மொழியில் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவருடைய கடைசிக் கட்டுரையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டேனே என்று நொந்துகொண்டேன்.

முதல் வரிசையிலிருந்து தீதி எழுந்து மேடைக்கு வந்தார். என் தாளைக் குனிந்து பார்த்தார். பழைய கல்வெட்டுகளில் ஊறியவர். நம் எழுத்து அவருக்குத் தூரத்துச் சொந்தம். என் ககரத்தின்மேல் விரல் வைத்தார். பிறகு கரும்பலகையில் வங்காள எழுத்தில் நான்கு ககரங்களை வரிசையாக எழுதி, எதிரே ஒரே ஒரு தமிழ் 'க' எழுதினார். அதன் கீழே ஆங்கிலத்தில்: 'நால்வர் செய்யும் வேலையை இது தனியாகச் செய்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.'

அப்புறம் என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். பாலிச் சொல் வரும்போதெல்லாம் விரல் காட்டினார். இரண்டு விரல் என்றால் பலகையில் இரண்டாவதாக உள்ள, மூச்சுத் தள்ளும் ககரம், மூன்று என்றால் மென்மை. நாற்பது நிமிடம், தையல் போட்ட கழுத்தோடு, ஒரு கிளார்க்கின் நாக்குக்காக அந்த அம்மாள் நின்றார். இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

கடைசிப் பக்கத்தின் அடியில், நான் வீட்டில் படித்துப் பழகியபோது இல்லாத ஒரு வரி நீல மையில் இருந்தது. காலையில் தாளை ஒரு நிமிடம் வாங்கினாரே, அப்போதுதான் சேர்த்திருக்கிறார். 'இந்தக் குரலும் என்னுடையது அன்று' என்று படித்தேன். சிரித்த அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அந்த வரியில் பாலிச் சொல் ஏதும் கிடையாது. ஆனாலும் பழக்க தோஷத்தில் அவர் விரல்களைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார்.

அந்த வரிக்குக் கீழே 'நன்றி' என்று ஒரு சொல் பாக்கி இருந்தது. தாளைக் கீழே வைத்து நானும் கைகூப்பிவிட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில், எழுதியிருந்ததில் ஒரு சொல்லை நான் விட்டது அன்றைக்குத்தான்.