தலைவர் வண்டி கடைசியில்

தலைவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. தக்காளிப் பெட்டியைத் தூக்கக் குனிந்தவர் பெட்டியோடு சாய்ந்தார். மற்றதெல்லாம் இருந்தது. காது கேட்டது, ஆள் தெரிந்தது, கோபமும் வந்தது. இடது கை முன்பைவிட முரடாகிவிட்டது. பிடிக்காததை ஊட்டினால் கரண்டி சுவர்வரை பறக்கும். பார்க்க வந்தவர்கள்தான் அவர் தலைமாட்டிலேயே நின்று, "எப்படி இருந்த மனுஷன்!" என்று உச்சுக்கொட்டினார்கள்.

"இப்பவும் இருக்காரு. காது நல்லாக் கேக்குது, பார்த்துப் பேசுங்க" என்பாள் அவர் மனைவி, படுக்கை விரிப்பை உருவிக்கொண்டே.

அவர் தலைவரானது ஓர் எடைமேடையால். அந்த நாளில் சந்தைத் தரகன் சொன்னதுதான் எடை. பெட்டிக்கு இரண்டு கிலோ காற்றோடு போகும். கேட்டால், "தக்காளி வழியிலேயே இளைச்சுப்போச்சு" என்று சிரிப்பார்கள். இருபத்தெட்டு வயதில் அவர் பத்து வீட்டைச் சேர்த்து எடைமேடை ஒன்றை வாங்கிப்போட்டார். இங்கேயே நிறுத்து, சீட்டு எழுதி, சந்தைக்கு அனுப்பினார். தரகர்கள் ஒரு வாரம் சரக்கைத் தொடவில்லை. எட்டாம் நாள் தொட்டார்கள். பத்து வீடு நூற்றுநாற்பது வீடாகி, கூட்டுறவுச் சங்கமாயிற்று. தரம் பிரிக்கும் கொட்டகை வந்தது, குளிரறை வந்தது, இரண்டு லாரிகள் வந்தன.

சங்கத்துக்கு அவர் ஒரு விதி வைத்தார். எல்லாக் கையும் உயர்ந்தால்தான் தீர்மானம். ஒரு கை கீழே இருந்தாலும் பேச்சு தொடரும். பக்கத்துச் சங்கம் ஒன்று பாதிக்குப் பாதியாக உடைந்து, தோற்ற பாதி தரகனிடமே திரும்பிப் போனதை அவர் பார்த்திருந்தார். காலையில் உட்கார்ந்த கூட்டம் பொழுது சாய்ந்தும் முடியாமல், கொட்டாவி விட்டே பலர் சம்மதித்ததுண்டு.

இன்னொரு வழக்கத்தை யாரும் கேட்காமல் அவராகவே தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அறுவடை நாளில் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். காலைக் குளிரில் உள்ளே போகும் சரக்கு முதல் தரம். வெயில் ஏற ஏறப் பழம் தளர்ந்து இரண்டாம் தரமாகும். தலைவர் முந்திக்கொண்டார் என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாதென்று, தன் வண்டியைக் கடைசியில் நிறுத்தினார். முப்பத்துநான்கு வருஷம் நிறுத்தினார்.

"சங்கம் நிக்குதுல்ல, அதைப் பாரு" என்பார்.

"நம்ம வண்டியும்தான் நிக்குது, அதையும் பாருங்க" என்பாள் அவள்.

மகள் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிய வருஷம் வெயில் மிகக் கடுமை. அவர்கள் தோட்டத்து விளைச்சல் முழுவதும் வரிசையில் நின்றே கூழாகி, சாறு பிழியும் ஆலைக்குப் போயிற்று. "அடுத்த வருஷம் படிக்கலாம்மா" என்றார். அடுத்த வருஷம் மாப்பிள்ளை வந்தான். மகள் இப்போது தூரத்து ஊரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்வாள், அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

அவர் படுத்த பிறகு வந்த முதல் அறுவடைக்கு மனைவியே வண்டியோடு போனாள். வாசலில் தராசு நின்றான். சங்கத்தின் செயலாளர்தான், எடை போடுகிறவனாகச் சேர்ந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"இன்னைக்கு மட்டும் என்னை முன்னால விடுப்பா" என்றாள். "பக்கத்து வீட்டம்மா பத்து மணிவரைக்கும்தான் இருப்பாங்க. அதுக்கப்புறம் அவரு தனியாக் கிடப்பாரு."

தராசு தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன அண்ணி, விடலாம்தான். ஆனா இது அண்ணன் வச்ச வழக்கம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

நாலு பேரும் வண்டிமேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். முன்வண்டிக்காரி மட்டும் வாயைத் திறந்தாள். "தலைவர் வண்டி எப்பவும் கடைசிதானே அக்கா? நாங்களா வச்சோம்?"

ஒரு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் விழுந்து கிடந்தார். தானாக எழப் பார்த்திருக்கிறார். மோவாயில் மூன்று தையல்.

மாலையில் தராசு ஓடி வந்தான். "ஐயோ அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று மாதம் கழித்து அவனே மறுபடி வந்தான். பெரிய காய்கறிக் கம்பெனி ஒன்று கொட்டகையையும் குளிரறையையும் இருபது வருஷக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் நன்றாக இருந்தபோது இரண்டு முறை இந்தத் தீர்மானம் வந்தது. இரண்டு முறையும் மற்ற எல்லாக் கையும் உயர்ந்தன, அவர் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அந்தக் கம்பெனி வேறோர் ஊரில் என்ன செய்ததென்று அவர் நேரில் போய்ப் பார்த்து வந்து மனைவியிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணி அடித்தால் வாசலைச் சாத்திவிடுவார்கள். மீதி வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"அண்ணன் சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும். அவரு இல்லாம முடிச்சா நல்லா இருக்காது" என்றான் தராசு.

"போகணுமாங்க?" என்று அவரைக் கேட்டாள். அழுத்தமாகத் தலையசைத்தார். முகம் மழித்துவிடும்படி கன்னத்தைத் தடவிக் காட்டினார். எதற்குப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

கொட்டகைக்குள் சக்கர நாற்காலியை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தீர்மானத்தைப் படித்ததும் கைகள் மளமளவென்று உயர்ந்தன. பிறகு எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் இடது கையால் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற ஆட்டம்.

"தலையை ஆட்டுறாரே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது நோவுல வர்ற நடுக்கம்யா. கை வராது, பாவம். மனசு நம்மகூடத்தான்" என்ற தராசு அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்க கொஞ்சம் தூக்கிவிடுங்க. பயிற்சிக்கு தினமும் தூக்குறீங்கல்ல?"

அவள் எழுந்தாள். நூற்றுநாற்பது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முன்வண்டிக்காரி இரண்டாம் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு அவசரப்பட்டாள். அந்தக் கம்பெனி வாசலில் இவர்கள் எல்லாரும் நிற்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வெயில் ஏறும்வரை நிற்கட்டும். ஒரு கையால் அவர் வலது முழங்கையைத் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த மாதிரியே தோள் இழுபடாமல் தூக்கினாள்.

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிடியைப் பற்றியிருந்த இடது கை எழுந்தது. மார்பைத் தாண்டி வந்து, உயர்ந்திருந்த சட்டைக் கையைப் பற்றிக் கீழே இழுத்தது. அவள் விடவில்லை. அவரும் விடவில்லை.

"பாருங்கய்யா!" என்று தராசு கத்தினான். "ஒரு கை கேட்டோம், அண்ணன் ரெண்டு கையும் தூக்குறாரு!"

கைதட்டல் தகரக் கூரையில் இடித்தது. சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த அறுவடையிலேயே பன்னிரண்டு மணிக்கு வாசலைச் சாத்தினார்கள். கம்பெனித் தொப்பி போட்டுக்கொண்டு சாத்தியவன் தராசுதான். திரும்பிய வண்டிகளில் பாதி நேராகத் தலைவர் வீட்டுக்கு வந்தன. ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தக்காளி அழுகும் வாடை அறைக்குள் வந்தது.

"என்ன தலைவரே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் ஒருவர். "உங்களை நம்பித்தானே இருந்தோம்? ரெண்டு கையும் தூக்கினீங்களே!"

தலைவரின் வாய் கோணிக்கொண்டு எதையோ தள்ளப் பார்த்தது. சத்தம்தான் வந்தது. நான்தான் தூக்கினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு, "அம்மா மட்டும் தங்கம்" என்று சொல்லிப் போனார்கள்.

அவர்கள் போனதும் அவர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தன்னைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் படுக்கிறார், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரே பக்கமாக இரண்டு மணி நேரத்துக்குமேல் கிடந்தால் புண் வரும். நேரமானதும் அவள் போய்த் தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தன் பக்கம் திருப்புவாள். முகம் அவளுக்கு நேராக வருவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளும் முழங்காலுக்கு நடுவே தலையணையைச் செருகி, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள்.