சப்வே தண்ணீரும் ஏழுமலை மாமாவும்

ஏழுமலை மாமா போய்விட்டார்.

நேற்று முன்தினம் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவைத் தவிர வேறு யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். எனக்குச் சொந்தம் இல்லை, தெருவுக்கே மாமா.

நான் இப்படியெல்லாம் எழுதுகிறவள் இல்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளாகக் கும்பிடும் கைகளாக வந்துகொண்டிருக்கின்றன... அதில் என்னால் ஒன்றும் போட முடியவில்லை.

எங்கள் தெருவிலிருந்து ஊருக்குள் போக, தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சப்வே. நல்ல மழை ஒன்று பெய்தால் முழங்கால் தண்ணீர். அப்புறம் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம், ஸ்கூல் பையோடு பிள்ளைகளும்.

அப்படித் தாண்டும்போது ஒருநாள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மாமா ஆரம்பித்தார்.

மழைக்காலம் நெருங்கினால் ஞாயிறு காலையில் ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிடுவார், சப்வே ஓரக் கால்வாயில் சேறு எடுக்க. வருவது எப்போதும் அதே சில பேர். அதிலும் பெண்கள்தான் அதிகம்.

"மேல்மலையனூர் அமாவாசக் கூட்டத்தையே ஒரே பஸ்ல ஏத்துனவன் நானு. இந்தத் தெருவ ஏத்த முடியலியே!" என்பார்.

"டிக்கெட் கேக்காம கூப்பிடு மாமா, வருவாங்க" என்பார் எதிர்வீட்டு வசந்தி அக்கா.

"உன் வாய்க்குத்தான்மா தனி டிக்கெட்டு போடணும். ஜல்தி மம்முட்டியப் புடி."

தண்ணீரை வெளியேற்ற அங்கேயே நிரந்தரமாக ஒரு மோட்டார். மாமா கேட்டது அது ஒன்றுதான். ஒரு ஆபீஸில் கேட்டால் இன்னொரு ஆபீஸைக் கை காட்டுவார்கள். இரண்டுக்கும் நடந்தார்.

ஒரு வார்டு கூட்டத்தில், டிகிரி படித்த பொண்ணு என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன்... பேச வராமல் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் போனை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். "இந்தப் பொண்ணு எடுத்த போட்டோங்க. இதுல தண்ணி எம்மாம் நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

அப்புறம் என்னைப் பேசு என்று அவர் சொன்னதே இல்லை. போட்டோ எடுப்பது என் வேலை என்று ஆகிவிட்டது.

ஒருவழியாக ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. மாமா அப்போது வல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

பெரிய மனிதர் வருகிறார், இப்படியா நாறிக்கொண்டு கிடப்பது... தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீரைக் குடம் குடமாக இறைத்துவிட்டோம். தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, சப்வே முகப்பில் கோலமும் போட்டோம்.

மாமா பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருவதற்கும் ஜீப் வருவதற்கும் சரியாக இருந்தது.

அதிகாரி கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். "ரொம்ப நல்லா மெயின்டெயின் பண்றீங்களே! தண்ணி எங்க நிக்குது?" என்றார். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

மாமா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம்.

"ஏம்மா... பொண்ணு பாக்கவா வந்தாரு அவுரு?"

வசந்தி அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மோட்டார் இன்றுவரை வரவில்லை.

நேற்று அவரை எடுக்க வேண்டும். விடிந்ததிலிருந்து மழை. சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சப்வேயில் தொடை வரைக்கும் தண்ணீர்.

"தண்டவாளத்து மேலயே தூக்கிக்கினு போயிடலாம். வேற இன்னா பண்றது?" என்றார்கள் ஆண்கள்.

அதுவரை தலைமாட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரோஜா அத்தை நிமிர்ந்தார்.

"யாரும் தண்டவாளத்தத் தாண்டக் கூடாதுன்னு அடிச்சிக்கின மனுசன். அவர மட்டும் அது மேல எடுத்துக்கினு போவீங்களா? தண்ணி வடியட்டும். அதுவரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."

வசந்தி அக்கா எழுந்து போய்க் குடத்தை எடுத்தார்.

அப்புறம் தெருவே இறங்கியது. ஒரு ஞாயிறுகூட எட்டிப் பார்க்காதவர்கள், "அதெல்லாம் கவர்மென்ட் வேலம்மா" என்று கதவைச் சாத்தியவர்கள்... யாரோ மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, கடலைக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து ட்யூப் போட்டார்கள்.

மத்தியானம் தாண்டித்தான் தரை தெரிந்தது.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடுவதுதான் எங்கள் வழக்கம். நேற்று நாங்கள் சப்வேக்குள்ளேயே இருந்தோம், ஈரப் புடவையோடு சுவர் ஓரமாக. திரும்பிப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மேளச் சத்தம் உள்ளே அப்படி மோதியது... அடிப்பவர்களே நிறுத்திவிட்டார்கள். பாடை எங்களை உரசிக்கொண்டு போனது.

அத்தனை பேரை அங்கே ஒன்றாகப் பார்த்ததற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது.

இன்று காலை மறுபடி முழங்கால் தண்ணீர். ஆயில் என்ஜினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விழுப்புரத்தில் எனக்கு வேலை, ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் மேலே தாண்டிக்கொண்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கும் பெண், "ஜல்தி வாடி, சிக்னல் போட்டுட்டான்" என்று மேலிருந்து கை நீட்டினாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நான் சப்வேக்குள் இறங்கினேன்.

ட்ரெயின் போய்விட்டது.

போயிட்டு வாங்க மாமா...