தொடாமல் பார்த்த ஒரு நிமிடம்

முதன்முதலில் ரத்தத்தைப் பார்த்தது பட்டர்வொர்த் பேருந்து நிலையத்துக் கழிப்பறையில். ஆறரை மணி வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மூலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய் வண்டியை எடுத்தேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்து நான்கு வயது. மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பட்டர்வொர்த் ஃபெரித் துறை வரை பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி லெட்சுமி. மகள் கவிதாவுக்கு ஆறு வயது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் செய்த ஒரு தவற்றையும் அது வெளியே வந்த விதத்தையும் சொல்ல முடியும்.

நான்கு மாதம் சீனர் மருந்துக்கடைப் பொடியைச் சாப்பிட்டேன். அதற்குள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு முறை போக வேண்டியதாகிவிட்டது. வழியில் எந்தக் கோப்பிக்கடையில் கழிப்பறை பின்பக்கம் இருக்கிறது, எந்த எண்ணெய் நிலையத்தில் சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவசரமாக நிறுத்தும்போது நடத்துநர் மணியம் அண்ணன் பயணிகளிடம் இஞ்சின் சூடாகிவிட்டது என்பார். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

ஒருநாள் பிறை ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள். இறங்கினாலும் போக இடமில்லை. அடிவயிறு இறுகியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த இறுக்கம் விட்டுப்போயிற்று.

கால்சட்டை நனைந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பாதை திறந்ததும் ஃபெரித் துறை வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். எல்லாரும் இறங்கினார்கள். மணியம் அண்ணன் பக்கத்தில் வந்து பார்த்தார். தன் மழைச்சட்டையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, வெளியே பார்த்தபடி சொன்னார்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ தம்பி. நீ போகலன்னா நானே ஆபீஸ்ல சொல்லிடுவேன்.”

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்போதே மரத்துப்போயிருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் நானும் லெட்சுமியும் ஃபெரி ஏறி, எதிரே பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனோம். குடல் நோய் நிபுணர் ஐம்பது வயதுச் சீனர். என்னிடம் மலாயிலும் மற்றவர்களிடம் ஆங்கிலத்திலும் பேசுவார். அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம் மருத்துவர் வாசுகி யாழ்ப்பாணத்துக் குடும்பம்; பிறந்து வளர்ந்தது ஜார்ஜ் டவுன். எனக்கு எல்லாவற்றையும் தமிழில் விளக்கியது அவர்தான்.

இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மார்போடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எண்டோஸ்கோப்பை (நுனியில் விளக்குள்ள, வளையக்கூடிய குழாய், மறுமுனையில் கண்ணை வைத்துக் குடலின் உட்புறத்தைப் பார்ப்பார்கள்) ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். காற்றை ஊதிக் குடலை விரித்தார்கள். வலியைவிட வயிறு ஊதிப்போனதுதான் தாங்க முடியவில்லை. பயாப்சியும் (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவில் பெரிய டாக்டர் ஒரே ஒரு சொல் சொன்னார்: “த்ரீ.”

நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்தோல் அழன்று, புண்ணாகி, ரத்தம் கசியும் நோய்). அந்த மூன்று என்ன என்று கேட்டேன். வாசுகி ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆரோக்கியமான குடலில் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் மெல்லிய கிளைகளாகத் தெரியும், அதற்குப் பூஜ்யம். சிவந்து, கிளைகள் மங்கினால் ஒன்று. கிளைகள் மறைந்து, குழாய் பட்ட இடத்தில் ரத்தம் வந்தால் இரண்டு. எதுவும் படாமலே ரத்தம் வடிந்து, ஆழமான புண்ணும் இருந்தால் மூன்று. அதற்கு மேல் எண் கிடையாது.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தேன். ஸ்டீராய்டை (அழற்சியை அடக்கும் மருந்து) நரம்பு வழியாக ஏற்றினார்கள். முகம் வீங்கி வட்டமானது. லெட்சுமி கவிதாவை அழைத்து வந்தபோது, பிள்ளை அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என் எதிரிலேயே, அப்பா எங்கே என்று கேட்டது. லெட்சுமி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் கட்டிலைச் சுற்றியிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வளையம் குறைந்திருந்தது. அதுதான் என் மனதில் பதிந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்குப் பெருங்குடலையே எடுத்திருந்தார்கள். வயிற்றில் ஒரு துளை, அதன் மேல் பை. அவர் நல்ல மனிதர். பையை மாற்றும்போது திரையை இழுத்து மூடிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டால் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்த பின் மாத்திரை. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா என்று டாக்டர் கேட்பார். நான் சொல்வதை வைத்து மாத்திரையைக் குறைப்பார். பதினான்கு முறை ஐந்தாகக் குறைந்தது உண்மை. ரத்தம் நிற்கவில்லை. தினமும் காலையில் வந்தது. நின்றுவிட்டது என்று சொன்னேன்.

மறுபடி பேருந்து ஓட்ட, உடல் தகுதிக் கடிதம் வேண்டும். அது ஒரு காரணம். பை இன்னொரு காரணம். ஆனால் பயந்து பொய் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. யாரைப் பற்றியோ கேட்கிறார்கள், நல்ல பதிலாகச் சொல்லிவிடுவோம் என்பது போலத்தான் சொன்னேன். லெட்சுமியிடமும் அதையே சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்டோஸ்கோப். இந்த முறை பெரிய டாக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு வாசுகியும் பார்ப்பதற்காக ஓர் இணைப்புக் குழாயை (அவர் பார்க்கும் அதே காட்சியை இன்னொருவருக்கும் காட்டுவது) மாட்டினார். பெரிய டாக்டர் “டூ” என்றார். சற்றுப் பொறுத்து வாசுகி தணிந்த குரலில் “த்ரீ” என்றார்.

இருவரும் என் இடுப்புக்கு மேலே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ‘சர்ஜன்’ என்ற சொல் இரண்டு முறை வந்தது. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் மூன்று என்றால் அடுத்தது அறுவை என்று வார்டிலேயே கேள்விப்பட்டிருந்தேன். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“ரத்தம் தெரியுது அண்ணே,” என்றார் வாசுகி. “எங்க குழாய் பட்டு வந்ததா, தானாவே வருதான்னுதான் பேச்சு. நீங்க ரத்தம் நின்னுபோச்சுன்னு சொல்லியிருக்கீங்க. அதனாலதான் டாக்டர் குழாய் பட்டதுன்னு நெனைக்கிறாரு.”

பார்க்கிறாயா என்று பெரிய டாக்டர் மலாயில் கேட்டார். இணைப்புக் குழாயை என் கண்ணருகே கொண்டுவந்து வைத்தார்கள்.

ஈரமான, சிவந்த சுவர். வாசுகி வரைந்து காட்டிய கிளைகள் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் சின்னதாக ஒரு ரத்தச் சொட்டு திரண்டு, பெரிதாகி, உருண்டு போனது. அது என் உடம்பு என்று புத்திக்குத் தெரிந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. யாருடைய குடலையோ பார்ப்பது போலிருந்தது. அந்த ஆளுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது தெரியவில்லை.

“தினமும் போவுது டாக்டர்,” என்றேன். “ஒருநாள்கூட நிக்கல. நான் பொய் சொன்னேன்.”

வாசுகி அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய டாக்டர் திட்டவில்லை. குழாய் படாத ஓர் இடத்தைத் தேடி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். யாரும் அசையக்கூடாது, ஒரு நிமிடம் பார்க்கலாம் என்றார். இணைப்புக் குழாயில் இப்போது வாசுகியின் கண். தாதி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது பச்சை வண்ணம் அடித்த சுவர் மட்டும்.

எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் தானாகக் கசிந்தால் குடல் போய்விடும். பிரார்த்தனை செய்யத் தோன்றவில்லை. மூச்சை மட்டும் சின்னதாக விட்டுக்கொண்டிருந்தேன்.

“டூ,” என்று முதலில் சொன்னது வாசுகிதான்.

அறுவை தள்ளிப்போனது. மாத்திரை பழைய அளவுக்கே ஏறியது. கூடவே இரவில் ஆசனவாய் வழியாக ஏற்றும் மருந்தும் தந்தார்கள். தகுதிக் கடிதம் இல்லை. உன் வார்த்தையை நம்பித்தான் மருந்தைக் குறைத்தேன் என்று பெரிய டாக்டர் சொன்னார். அதோடு விட்டுவிட்டார்.

திரும்பும்போது ஃபெரியில் லெட்சுமியிடம் சொன்னேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க கைலியைத் துவைக்கிறது யாரு?”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இந்த வாரமும் சொல்லலன்னா நானே டாக்டர்கிட்ட பேசுறதா இருந்தேன்.”

அக்கரை சேர்ந்ததும் அவள் முன்னால் இறங்கி நடந்தாள்.

கம்பெனியில் என்னை உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். கழிப்பறைக்கு இருபது அடி. பேருந்தை நான் பிறகு ஓட்டவே இல்லை. அதற்காக வருத்தப்பட்டேனா என்று கேட்டால், வருத்தம் இரண்டு வருடம் கழித்து வந்தது. ஒருநாள் காலை ஆணிப் பெட்டிகளை அடுக்கும்போது காரணமில்லாமல் அழுதேன். மரத்துப்போனது திரும்பும்போது இப்படித்தான் நேரம் தவறி வரும் போலிருக்கிறது.

அடுத்த வருடப் பரிசோதனையில் ஒன்று. மூன்றாம் வருடம் பூஜ்யம். அப்போது வாசுகியே நிபுணராகிவிட்டார். இணைப்புக் குழாயை என் கண்ணருகே வைத்து உட்புறத்தைக் காட்டினார். வெளிர்சிவப்புத் தோல், அடியில் மெல்லிய கிளைகள். அந்த வாரம் நான் நாளுக்கு நாலைந்து முறை போய்க்கொண்டிருந்தேன், படியேறினால் களைத்தேன். பூஜ்யம் என்பதை நம்ப முடியவில்லை என்றேன்.

“உள்ள ஆறிடுச்சி அண்ணே,” என்றார். “ஆறினமாதிரி உங்களுக்குத் தோண இன்னும் நாளாகும்.”

பிறகு ஒருமுறை நோய் திரும்பி வந்து அடங்கியது. இன்னும் வரலாம். உங்களுக்கும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். எதைப் பார்த்து அந்த எண் என்று கேளுங்கள். குழாய்க்குத் தெரிவது அன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது மட்டும். மற்ற நாட்களில் நடப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்லாதீர்கள்.

வருடங்களை நான் இப்போது பரிசோதனைகளால்தான் நினைவு வைத்திருக்கிறேன். கவிதா முதலாம் வகுப்புக்குப் போனது இரண்டில். நீச்சல் கற்றது பூஜ்யத்தில். நடுவில் இருந்த மாதங்களில் பல எனக்கு நினைவில் இல்லை. லெட்சுமி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

தெருவில் யாராவது நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், முன்பெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் நல்லா இருக்கேன் என்று வந்துவிடும். இப்போது நின்று, உள்ளே கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.